கீமோ நாட்களில் தூக்கம் திரும்பிய விதம்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய பிறகு இரவில் பொட்டுத் தூக்கம் இல்லை. "பயம்தான், மனசைத் தேத்திக்கோ" என்றார்கள் வீட்டில். வேலூர்க் கோட்டை அகழியோரம் மாலை நடை, சூடான பால், மூச்சுப் பயிற்சி, ஜலகண்டேஸ்வரருக்கு வேண்டுதல் எல்லாம் செய்தும் பலனில்லை.

அப்புறம் தூங்காத இரவுகளை நோட்டில் குறித்துவந்தேன். வாந்தி வராமலிருக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் போடும் நாட்களில் மட்டும்தான் தூக்கம் போகிறது. மாத்திரை தீர்ந்ததும் தானாக வருகிறது. பயம் அப்படி நாள் பார்த்து வராதே! அந்த மாத்திரை ஸ்டீராய்டு, இரவில் போட்டால் தூக்கத்தைக் கெடுக்கும். டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். இரவு வேளையை மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார். (நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.) அடுத்த சுற்றில் விடியும்வரை தூங்கினேன். பெரிய நிம்மதி.

அந்த நோட்டை விடவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை, மனம் கலங்கிய நேரத்தை அதில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகக் குடியாத்தத்தில் பஸ் ஏறும்முன் ஒருமுறை படித்துக்கொள்கிறேன்.