தூக்கமும் மார்க்கும்: சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

நன்றாகத் தூங்கும் மாணவர்கள் அதிக மார்க் எடுக்கிறார்களா என்று புராஜெக்ட் செய்பவர்கள் பலரும், எந்தச் சராசரி பெரிது என்று பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது; அந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று டி சோதனை (t-test) வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் 25 பேரின் சராசரி 68. குறைவாகத் தூங்கும் 25 பேருக்கு 62. இரு பக்கமும் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மார்க் சிதறும் அளவு) 12 என்றால் வித்தியாசத்தின் திட்டப் பிழை (தற்செயலாக அது எவ்வளவு ஆடும் என்பது) சுமார் 3.39; 6 மார்க் வித்தியாசத்தை அதால் வகுத்தால் டி மதிப்பு 1.77. 5 சதவீத அளவில் தேறுவதற்கு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்று சொல்வதற்கு, 2.01 தாண்ட வேண்டும், தாண்டவில்லை. அதே 6 மார்க்தான், ஆனால் விலக்கம் 8 ஆக இருந்தால் 2.65 வந்துவிடும். மார்க் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

எக்செலில் இதற்கு டி.டெஸ்ட் (T.TEST) ஃபார்முலா போதும். தனித்தனிக் குழுக்கள் என்றால் கடைசி எண்ணாக 3 கொடுங்கள். இரு குழுவின் சிதறலும் சமம் என்று அது எடுத்துக்கொள்ளாது. தேறினாலும் தூக்கம்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நெடுந்தூர பஸ் பயணமோ வீட்டு வேலையோ தூக்கம், மார்க் இரண்டையுமே குறைத்திருக்கலாம்.

அப்புறம், அதே மாணவர்களை இரண்டு முறை அளந்திருந்தால் 3 வேண்டாம், 1 கொடுங்கள். டி சோதனைக்கு வழிவகுத்த புள்ளியியலாளர் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியதே தூக்கத் தரவுதான்: அதே 10 பேருக்கு இரண்டு மருந்துகள். ஆளுக்கு ஆள் இணைத்துப் பார்த்தால் டி மதிப்பு 4.06, தனிக் குழுக்களாக எண்ணினால் வெறும் 1.86.