ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு நெஞ்சுல அடைச்சது எப்படி சரியாச்சு (என் அனுபவம்)

ஸ்லீவ் சர்ஜரின்னா வெயிட் குறைக்கறதுக்காக இரைப்பையில கிட்டத்தட்ட 75-80 சதவீதத்த எடுத்துட்டு வாழைப்பழம் சைஸ்ல ஒரு குழாய் மாதிரி விட்டுடுவாங்க. மொத ரெண்டு வாரம் நீராகாரம், அப்புறம் மசிச்ச சாப்பாடு, அதெல்லாம் நல்லாவே போச்சு. ரெண்டாவது மாசம் சோறு ஆரம்பிச்சதும்தான் பிரச்சனை, நாலு வாய் போனதும் நடு நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி அடைச்சு, வாயெல்லாம் எச்சி ஊறி, வாந்தி எடுத்தாதான் அடங்கும், தட்டப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

டயட்டீஷியன் மேடம் எப்படி சாப்பிடறீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. சின்ன வயசுலேர்ந்து ரெண்டு வாய்க்கு ஒரு மடக்கு தண்ணி குடிச்சே பழகிட்டேன், அத மொதல்ல நிறுத்தச் சொன்னாங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் தண்ணி. டீஸ்பூன்ல எடுத்து கூழாகுற வரைக்கும் மெல்லணும். மொதல்ல முட்டை, மீன், பன்னீர்னு ப்ரோட்டீன், அப்புறம் காய், வயித்துல இடம் இருந்தா மட்டும் சோறு. குழைஞ்ச சோறும் ப்ரெட்டும் உள்ள போய் உருண்டையா திரண்டுக்கும், அதனால அத கடைசிக்கு தள்ளிட்டேன். பத்தே நாள்ல அடைப்பு நின்னுச்சு, அன்னிக்கு அம்மா முகத்த பார்க்கணுமே!

நாலாவது மாசம் முடி கொத்து கொத்தா கொட்டுச்சு. வெயிட் வேகமா குறைஞ்சா அப்படி ஆகும், திரும்ப வளரும்னாங்க. ரத்த டெஸ்ட்ல இரும்புச்சத்தும் பி12-ம் கம்மி, மாத்திரை எடுத்தேன், ப்ரோட்டீன் தினம் 60 கிராமுக்கு குறையாம பார்த்துக்கிட்டேன், இப்போ நெத்தியோரம் குட்டி குட்டியா முளைக்குது.

ஆனா தண்ணி கூட இறங்கல, வாந்தி நிக்கலன்னா வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்னிக்கே சர்ஜன பாருங்க.