பிரித்தானிய நடிகர் இயன் மக்கெலனைத் திருகோணமலை நாடக ஆர்வலர்களுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

உரையை அவருடைய நடிப்பிலிருந்தே தொடங்குங்கள். 1939இல் இங்கிலாந்தின் பேர்ன்லியில் பிறந்து, 1961இல் கொவென்றி நகரின் பெல்கிரேட் அரங்கில் தொழில்முறை நடிகரானார் என்று சுருக்கமாகச் சொன்னாற் போதும். 1988ஆம் ஆண்டுக்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்: உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாதெனும் 28ஆம் பிரிவு பிரித்தானியாவில் விவாதிக்கப்பட்டபோது, தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை பிபிசி வானொலியில் வெளிப்படையாக அறிவித்த அவர், மறு ஆண்டு தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்காகக் குரல்கொடுக்கும் ஸ்டோன்வோல் அமைப்பை நிறுவியோரில் ஒருவரானார். அவருடைய திரைவாழ்வு உலகளவில் விரிந்தது அதற்குப் பின்னரே. உண்மையைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடுமென அஞ்சும் நம் இளம் நடிகர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளதால், கேள்வி நேரத்தில் சபையோர் எவரிடமும் அவரவர் சொந்த வாழ்வைப் பற்றி விசாரிக்காதீர்கள்; அனுமதியின்றி எவரையும் படமெடுக்கவும் விடாதீர்கள்.