பீடி சுற்றும் வீட்டில் ஃபைபர் இணைப்பு: பெண்ணின் கைக்கு எட்டும்படி போடுவது எப்படி?

திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணின் பி.எஃப். கணக்கும், அவருடைய பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவற்றைத் திறக்கும் ஓ.டி.பி., பெரும்பாலும் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிட்ட கணவரின் சட்டைப்பையில்தான் வந்து விழுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 விழுக்காட்டினர் மட்டுமே. தன் உழைப்பின் கணக்கைப் பார்க்க ஒரு பெண் பிறர் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதை நான் சமத்துவம் என்று ஏற்கமாட்டேன்.

முதலில் செலவைக் கணக்கிடுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் மாதந்தோறும் செய்யும் ரீசார்ஜைக் கூட்டிப் பார்த்தால், பல வீடுகளில், கண்ணாடியிழைக் கம்பி வழியே வரும் ஒரு ஃபைபர் இணைய இணைப்புக்கான தொகை அதற்குள்ளேயே இருக்கும். விளம்பரத்தில் சொல்லும் கட்டணத்தோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும், மோடத்துக்கு முன்பணம் உண்டா, எத்தனை மாதக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். பிராட்பேண்ட் என்பதற்கு அரசு 2023-இல் வகுத்த குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட்; மகள் இணைய வகுப்பிலும் தாய் வீடியோ அழைப்பிலும் இருக்கும் வீட்டுக்கு அது போதாது. 30 முதல் 50 மெகாபிட் வரை தாராளம்.

அடுத்தது யார் பெயரில் என்பது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இணைப்பைப் பெண்ணின் ஆதாரைக் கொடுத்து, அவருடைய சொந்த எண்ணிலேயே பதிவு செய்யுங்கள். கட்டண நினைவூட்டலும் பழுதுப் புகாருக்கான பதிலும் அப்போதுதான் அவருக்கே வரும். அவருடைய ஆதாரில் கணவரின் எண் இருந்தால், ஆதார் சேவை மையத்துக்கோ அந்தப் பணியைச் செய்யும் அஞ்சலகத்துக்கோ அவரே சென்று கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம், பிறகு பி.எஃப். கணக்கிலும் வங்கியிலும் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். அலைச்சல்தான் என்றாலும், இதைச் செய்யாமல் வீட்டுக்குக் கம்பி மட்டும் வந்து பயனில்லை.

மோடத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிடாமல், அவர் பீடி சுற்றும் இடத்துக்கு அருகில் பொருத்தச் சொல்லுங்கள். பல மோடங்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபை அலைவரிசைகளைத் தரும்; பழைய வீடுகளின் கனத்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது, பின்கட்டுக்கு 2.4 உதவும்.

தனி இணைப்புக்கு வழியில்லாத தெருவில், மகளிர் குழுவினர் பக்கத்துக் கடைக்காரரிடம் பிஎம்-வாணி என்னும் மத்திய அரசின் பொது வைஃபை திட்டத்தைப் பற்றிப் பேசலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டத்தில், கடைக்காரர் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றி வைஃபை வழங்கலாம்.

இணைப்பு வந்த அன்றே பி.எஃப். பாஸ்புத்தகத்தை அவர் கையாலேயே திறக்க வையுங்கள். கூலியில் பிடித்த தொகை மாதாமாதம் வரவாகியிருக்கிறதா என்று, பீடிக் கடையில் தந்த கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.