மலையகத்தில் டை: எங்கே கட்டலாம், எங்கே கழற்ற வேண்டும்

இலங்கை மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் வெள்ளைச் சீருடைக்கு மேல் பாடசாலை நிறத்தில் டை கட்டிக்கொண்டு போவது பெண்பிள்ளைகள்தான். ஆண்பிள்ளைகளில் பலர் நேர்முகப் பரீட்சைக்கோ தங்கள் கல்யாணத்துக்கோதான் முதன்முதலாக அதைக் கையில் எடுக்கிறார்கள். அதனால் கட்டும் முறையும் தெரியாது, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அதோடு போகலாமா என்பதும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் முடிச்சு. கடையில் கிடைக்கும் டை ஏறக்குறைய 145 முதல் 150 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். பெரும்பாலான இடங்களுக்குச் சிங்கிள் முடிச்சே போதும்.

1. சேர்ட்டின் மேல் பட்டனைப் பூட்டி, கொலரைத் தூக்குங்கள். டையின் அகன்ற முனை உங்கள் வலப்பக்கம் வரட்டும். ஒடுங்கிய முனையைவிட ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் கீழே தொங்கட்டும்.
2. அகன்ற முனையை ஒடுங்கியதற்கு மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், அடியால் மறுபடி வலப்பக்கம் எடுங்கள்.
3. இன்னொரு தடவை முன்பக்கமாக இடப்பக்கம் சுற்றுங்கள். வெளியே தெரியப்போவது இந்தச் சுற்றுத்தான். அதற்குள் ஒரு விரலை விட்டு வையுங்கள்.
4. அதே முனையைக் கழுத்தடியில் கீழிருந்து மேலே எடுத்து, விரல் இருக்கும் வளையத்துக்குள் இறக்குங்கள்.
5. ஒடுங்கிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளுங்கள். முடிச்சுக்குக் கீழே நடுவில் விரலால் சின்னக் குழி விழ அழுத்தினால் டை தட்டையாகத் தெரியாது.

நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் அளவு சரி. வயிற்றோடு நின்றுவிட்டால் முதலாம் படியில் அகன்ற முனையை இன்னும் கீழே விட்டுத் தொடங்குங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு நுனி பக்கிளைத் தாண்டித் தொங்கும். அவர்கள் இன்னொரு சுற்றுச் சேர்த்து டபுள் முடிச்சுப் போட்டால் மிச்ச நீளத்தை முடிச்சே எடுத்துக்கொள்ளும். நுவரெலியா பேல் கடைகளில் கிடைக்கும் தடித்த கம்பளி டைகளுக்கு டபுள் முடிச்சு வேண்டாம், கழுத்தில் உருண்டையாக நிற்கும்.

கழற்றும்போது, கட்டிய வழியிலேயே திருப்பி அவிழுங்கள். முடிச்சோடு தலையால் உருவி ஆணியில் மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரே இடத்தில் மடிப்பு விழுந்து, துணி நைந்து, உள்ளே இருக்கும் பட்டி திருகிப்போவது அதனால்தான். சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுத் தைத்து இலாஸ்டிக் போட்ட ரெடிமேட் டையே நல்லது. விளையாடும்போது யாராவது பிடித்து இழுத்தாலும் கழுத்தை இறுக்காமல் நீண்டு கொடுக்கும்.

இனிக் கோயில். டை கட்டி வரக்கூடாது என்று எந்த ஆகமத்தையும் காட்டி யாரும் தடுப்பதில்லை. சிக்கல் சேர்ட்டால் வருவது. நல்லூர் போலச் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டிய கோயில்களில் டையும் தானாகவே போய்விடும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் பெரும்பாலும் இந்தக் கண்டிப்பு இல்லை. வேலை முடிந்து வரும் வங்கி ஊழியர் டையோடு நின்று கும்பிட்டால் ஐயரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனாலும் அபிஷேகம், ஹோமம் என்றால் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். குனிந்து நெய் விடும்போது தொங்கும் டை நேரே குண்டத்துக்குள் போகும். பொலியெஸ்டர் என்றால் தீப்பட்ட இடம் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

திருநீறு விழுந்தால் ஈரக்கையால் துடைக்காதீர்கள். காய்ந்த துணியால் தட்டினாலே உதிர்ந்துவிடும். மஞ்சள் கறைக்கு வேறு வைத்தியம். சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் சிவப்பாக மாறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். பதறிப்போய் இன்னும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பவர்களே அதிகம். நிறையத் தண்ணீரில் அலசினால் சிவப்பு இறங்கும். மிச்சம் நிற்கும் மஞ்சள், பொலியெஸ்டராக இருந்தால் வெயிலில் வைக்க வைக்க வெளுக்கும். பட்டு டை என்றால் வீட்டில் கை வைக்காமல் டிரைகிளீன் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு டை கட்டும் வேலைக்குப் போகிறவர்கள், மாலையைச் சேர்ட்டுக்குள் விட்டு டையை வெளியே கட்டலாம். மாலைக்கு மேல் கொலரை இறுக்கினால் மணிகள் கழுத்தில் குத்தும், நூலும் அறும். கொலர் ஓர் அளவு பெரிய சேர்ட் இரண்டு வைத்திருந்தால் மண்டலம் முடியும்வரை தொல்லை இருக்காது. விரத நாட்களில் டையே வேண்டாம் என்று உங்கள் குருசாமி சொன்னால், மேலதிகாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கறுப்புச் சட்டைக்கும் தாடிக்கும் விட்டுக்கொடுக்கும் அலுவலகம் டைக்காகப் பிடிவாதம் பிடிப்பது அபூர்வம்.

முஸ்லிம்களிடம் டை பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, அது சிலுவையின் சாயல் என்பது. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு டை மேற்கத்தியப் பண்பாட்டின் அடையாளமாக ஒதுக்கப்பட்டதும் இந்தப் பேச்சுக்குப் பலம் சேர்த்தது. ஆனால் டை பிறந்த கதையில் சிலுவை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போர்புரிய வந்த குரோவாசியப் படையினர் கழுத்தில் கட்டிய துணிதான் அதன் மூலம். டை கட்டலாம் என்று சொல்லும் உலமாக்களே (மார்க்க அறிஞர்களே) அதிகம். மற்றது பட்டு, இதைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். ஆண்கள் தூய பட்டு அணிவதை ஹதீஸ் தடுக்கிறது. ஆகவே முஸ்லிம் நண்பருக்கு டை பரிசளிக்கும்போது பின்பக்கம் தைத்திருக்கும் லேபளைப் பார்த்து பொலியெஸ்டரோ பருத்தியோ வாங்குங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு டையோடு போகிறவர்கள், குனியும் ருகூவுக்கு முன்பே நுனியைச் சேர்ட்டின் மூன்றாம், நான்காம் பட்டன்களுக்கு இடையில் செருகிவிட்டால், சுஜூதில் அது நெற்றிக்கும் விரிப்புக்கும் நடுவில் வந்து மாட்டாது.

கிறிஸ்தவர்களிடம் டைக்கு எதிர்ப்பு குறைவு. ஞாயிறு ஆராதனையில் போதகர் டையோடு நிற்பது பல சபைகளில் வழக்கம். வெள்ளை உடை மட்டும் உடுத்தி, நகை, அலங்காரம் எல்லாவற்றையும் ஒதுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் மலையகத்தில் உண்டு. அங்கே விருந்தினராகப் போகிறவர் பளபளப்பான டையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது மரியாதை. பௌத்தர்களின் கண்டி தலதா மாளிகைக்கு டையோடு போக எந்தத் தடையும் இல்லை. தொப்பியையும் செருப்பையும் கழற்றவேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வெள்ளை உடுத்தினால் நல்லது. சிங்கள அரசியல்வாதிகள் டை இல்லாத தேசிய உடைக்கு மாறியது சமயக் கட்டளையால் அல்ல. 1930களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க போன்றவர்கள் அதை அரசியல் நிலைப்பாடாகவே உடுத்தினார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். தாலிகட்டுக்கு வேட்டி, வரவேற்புக்குக் கோட் சூட் என்பது இப்போது எழுதாத சட்டம். தாலிகட்டு முடிந்ததும் அவசரமாக உடை மாற்றும்போது சந்தனம் காயாத கழுத்தில் கொலர் பட்டு, வெள்ளைச் சேர்ட் மஞ்சள் கோடு வாங்கும். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு கட்டுங்கள். டைக்கு மேல் மாலை போட்டால் பூவில் தெளித்த தண்ணீர், டை பட்டாக இருந்தால், அதில் வட்டம் வட்டமாக நிற்கும், அது போகாது. ஒரு நாள் கூத்துக்குப் பொலியெஸ்டரே உத்தமம். மாப்பிள்ளைக்குத் தனிக் கறுப்பு டை வாங்கிக்கொண்டு போய்ப் பெரியவர்களிடம் பேச்சு வாங்காதீர்கள். மெரூன், கருநீலம், மணப்பெண்ணின் சேலைக்கரை நிறம் எல்லாம் இருக்கின்றன. அதே கறுப்பு, கிறிஸ்தவ இறுதிச் சடங்கில் பொருத்தம். இந்துச் சாவு வீட்டுக்கு டையே தேவையில்லை. வேலைத்தலத்திலிருந்து நேரே போகிறவர் வாசலில் கழற்றிவிட்டால், பாடை தூக்கக் கூப்பிட்டாலும் தடையாக இருக்காது.

எந்தச் சமயமும் சொல்லாத ஒரு தயக்கமும் மலையகத்தில் இருக்கிறது. டை நீண்டகாலம் தோட்டத்தை நடத்திய துரையின் கழுத்தில் மட்டும் இருந்தது. பழைய படங்களில், தொழிலாளரை மேற்பார்த்த பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நிற்பார். கழுத்தில் டை இருக்காது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் மாலை 7 மணிக்குப் பிறகு கோட்டும் டையும் இல்லாமல் உட்கார முடியாது என்பது நெடுநாள் விதி. கொண்டுவராதவருக்குக் கிளப்பே இரவல் கொடுக்கும். இந்தப் பழக்கத்தால்தான் நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பும் பையனைப் பார்த்து "என்ன தொர, எப்ப வந்தீங்க?" என்று கேலி வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைக் கழற்றி ஒளிப்பவர்களும் உண்டு. ஒளிக்கவேண்டியதில்லை. கேலி செய்கிற அதே பெரியப்பாதான் மறுநாள் முச்சந்திக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் மட்டும் கௌரவம் பார்க்காதீர்கள். கொழுந்து அரைக்கும் ரோலரும் பெல்ட்டுகளும் ஓடும் இடத்தில் தொங்கும் துணி எதுவும் கூடாது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரியானாலும் சுற்றிப்பார்க்க வந்த விருந்தாளியானாலும் வாசலிலேயே கழற்றவேண்டும். டைபின் போட்டிருக்கிறேன் என்ற சமாதானம் போதாது. குனிந்தால் பின்னுக்குக் கீழே உள்ள பகுதி அப்படியே தொங்கும்.

கடைசியாகப் பூஞ்சணம். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கும் டையில் வெள்ளைப் புள்ளி வர அதிக நாள் எடுக்காது. நனைந்த டையை மடிக்காமல் துவாயில் சுற்றி அழுத்தித் தண்ணீரை எடுத்து, காற்றில் தட்டையாகக் காயப் போடுங்கள். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் புகை வாசனை ஏறும், பட்டும் சுருங்கும். அயன் பண்ணுவதாக இருந்தால் மேலே ஈரத்துணி போட்டு மெல்லிய சூட்டில் ஒற்றி எடுங்கள்; நேரே தேய்த்தால் ஓரத்து மடிப்பு கத்தி போல் பதிந்து, உள்பட்டியின் தடம் முன்னால் தெரியும். காய்ந்த டையை ஒடுங்கிய முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, வெயில் தலைகாட்டும் நாளில், நிழலில் அரைமணி நேரம் காற்றாட விட்டால் போதும்.