அமராவதிக் காசில் ரோமானியப் பதவி ஏணியைப் படிப்பது எப்படி

கரூரில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அமராவதி மணலில் ரோமானியக் காசு கிடைத்த ஊர் இது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் காசைக் காட்டினால் எல்லாரும் தலையைத்தான் பார்க்கிறார்கள். தலையை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். ரோமில் ஒருவன் எப்படி மேலே ஏறினான் என்பது அங்கேதான் இருக்கிறது.

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. தெளிவான படமும் ஒரு லென்சும் போதும். கையில் நிஜக் காசே கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். தாலுகா ஆபீசில் தகவல் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கம் கிடைத்த வெள்ளி தெனாரியஸ்களில் ரோமின் முதல் இரண்டு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை நிறைய. அகஸ்டஸ் காசில் இரண்டு இளைஞர்கள் நிற்கும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள எழுத்து நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரிதான்: பெயர், யாருடைய மகன், என்ன பொறுப்பு, எல்லாம் சுருக்கமாக.

முதலில் 'எஃப்' எழுத்தைத் தேடுங்கள். மகன் என்று பொருள். இந்தக் காசில் 'அகஸ்டஸின் மகன்கள்' என்று வருகிறது. அந்த இளைஞர்கள் கையஸும் லூசியஸும். உண்மையில் அவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். கி.மு. 17இல் தத்து எடுத்தார். அவர்களின் அப்பா அக்ரிப்பா, பேர் தெரியாத குடும்பத்தில் பிறந்து, போரில் ஜெயித்து, அகஸ்டஸின் நட்பால் கி.மு. 37இல் கான்சல் என்ற உச்சப் பதவிக்கு வந்தவர். பேரரசரின் வாரிசுகளைப் பெற்றவர் அவர் என்பதுதான் எனக்கு இந்தக் காசில் ரொம்பப் பிடித்த விஷயம். ரோமானியக் கல்லறைக் கல்வெட்டு படிக்கக் கிடைத்தால், எஃப் வர வேண்டிய இடத்தில் 'எல்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவர் விடுதலை பெற்ற அடிமை. அவர் பதவிக்கு நிற்க முடியாது, ஆனால் விடுதலைக்குப் பிறகு பிறந்த மகன் நிற்கலாம். அப்படி ஒருவருடைய மகனான பெர்டினாக்ஸ் கி.பி. 193இல் பேரரசரே ஆனார்.

அடுத்து 'சி ஓ எஸ்'. கான்சல், ஏணியின் உச்சிப் படி. கி.மு. 81இல் சர்வாதிகாரி சுல்லா இறுக்கிய சட்டப்படி, கீழ்ப்படியில் உள்ள குவெஸ்டருக்கு (நிதி அதிகாரி) 30 வயது, நடுவில் உள்ள பிரீட்டருக்கு (நீதி அதிகாரி) 39, கான்சலுக்கு 42. முன்னோர் யாரும் செனட் என்ற ஆட்சி மன்றத்தில் இல்லாத பேச்சாளர் சிசரோ, சட்டம் விட்ட முதல் வருடமே, கி.மு. 63இல், கான்சல் ஆனார். அதனால்தான் அவருக்கு அவ்வளவு பெருமை. சரி, நம் காசில் சி ஓ எஸ்ஸை ஒட்டி 'டெசிக்' என்று இருக்கும். நியமிக்கப்பட்டாயிற்று, பதவி இனிமேல்தான். கையஸுக்கு அந்த நியமனம் கிடைத்தபோது வயது 14. பதவியில் அமர்ந்தது கி.பி. 1இல். லூசியஸ் தன் முறை வருவதற்கு முன்பே, கி.பி. 2இல், இறந்துபோனார்.

பிறகு இளைஞர்களுக்கு நடுவில் உள்ள கேடயமும் ஈட்டியும். செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த பணக்கார வகுப்பான குதிரைவீரர் வகுப்பு அவர்களைத் தங்கள் இளைஞர் தலைவர்களாக ஏற்றுக் கொடுத்த பரிசு அது. அந்த வகுப்பில் சேர 4 லட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும், செனட்டருக்கு 10 லட்சம். ஒரு தெனாரியஸ் 4 செஸ்டர்ஸ். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். அகஸ்டஸ் காலப் படைவீரனுக்கு வருடச் சம்பளம் 225 தெனாரியஸ். ஒரு காசு கூடச் செலவழிக்காமல் ஆயிரம் வருடத்துக்கு மேல் சேர்த்தால்தான் செனட்டர் சொத்து. சிப்பாயின் சம்பளமும் இதே வெள்ளிக்காசில்தான். அதே காசுகள்தான் கொங்கு நாட்டுக்கும் வந்தன. இங்கே படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள், கொடுமணலில் மணிகள் செய்தார்கள். வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவேன், பிள்ளைகள் கணக்கை முடிக்கட்டும் என்று.

இது பழகிவிட்டால் டைபீரியஸ் காசை நீங்களே படிக்கலாம். பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், 'பொன்டிஃப் மாக்சிம்' என்ற தலைமைப் பூசாரிப் பட்டம். அந்த இரண்டு பிள்ளைகளும் போன பின், கி.பி. 4இல், நாற்பதைத் தாண்டிய வயதில் தத்துப் போனவர் அவர். முன்பக்கம் அவர் பெயருக்குப் பின்னால் எஃப் எங்கே இருக்கிறது, அது யாருடைய மகன் என்கிறது என்று தேடுங்கள்.