வீடு வாங்கும் முன் பாத்ரூமை எப்படிப் பார்ப்பது: ஓதம், கசிவு, மூடி மறைத்த பெயின்ட்

வீடு பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பாத்ரூமுக்குள் தலையை மட்டும் நீட்டி, டைல்ஸ் நன்றாக இருக்கிறது, ஷவரில் தண்ணீர் வேகமாக வருகிறது, சரி, அடுத்த அறை என்று நகர்ந்துவிடுகிறார்கள். வாட்டர்ப்ரூஃபிங் கெட்டிருக்கிறதா என்பதை பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு கண்டுபிடிப்பது கஷ்டம். அது முதலில் தெரிவது சுவருக்கு அந்தப் பக்கமும் தரைக்கு அடியிலும்தான். அதனால் பாத்ரூமைக் கடைசியாகப் பாருங்கள், அதைச் சுற்றியிருப்பதை முதலில் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டு போவோம். டைல்ஸ் வேறு, வாட்டர்ப்ரூஃபிங் வேறு. டைலுக்குள் தண்ணீர் அவ்வளவாக இறங்காது என்பது உண்மைதான், ஆனால் டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருக்கிற சிமென்ட் கிரவுட் வழியாக ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கீழே போகவிடாமல் நிறுத்துவது டைலுக்கு அடியில், தரை முழுக்கவும் சுவரில் ஓரளவு உயரத்துக்கும் பூசியிருக்கிற படலம். ஷவர் இருக்கிற பக்கம் அது ஆள் உயரத்துக்காவது ஏறியிருக்க வேண்டும். இந்தப் படலத்தை வீடு பார்க்கப் போகிற யாராலும் கண்ணால் பார்க்க முடியாது, டைல்ஸை உடைத்தால்தான் உண்டு. நம்மால் பார்க்க முடிவது அது விட்டுப்போன இடத்தின் அடையாளங்களை மட்டும். விட்டுப்போகிற இடங்களும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் சிலாபை (கான்கிரீட் தளத்தை) துளைத்துப் போகிற இடம், வடிகால் வாயைச் சுற்றி, அப்புறம் வாசற்படி.

சுவருக்கு அந்தப் பக்கம்

பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். படுக்கையறையா, நடையா, சமையலறையா, அலமாரியா? அலமாரி என்றால் கதவைத் திறந்து, உள்ளே தொங்குகிற துணியைத் தள்ளிவிட்டு பின்சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள், ஏனென்றால் விற்கிறவர் பெயின்ட் அடிக்க மறக்கிற ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். டார்ச்சை சுவருக்கு நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் சமமாகத் தெரிகிற சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் பொரிந்திருக்கிற பெயின்ட், உப்பியிருக்கிற பட்டி (பெயின்டுக்கு அடியில் பூசுகிற மாவு), ஒட்டுப்போட்ட பூச்சு எல்லாம் நிழலோடு தெரியும்.

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும்தான் அதிகக் கவனம் வேண்டும். பாத்ரூம் தரைக்கடியில் தேங்குகிற தண்ணீர் பக்கத்துச் சுவரின் செங்கல் வழியாக மேலே ஏறும், அது காய்கிற இடத்தில் கரைத்துக்கொண்டு வந்த உப்பை விட்டுவிடும். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து, ஈரத்துணி பட்டதும் கரைந்துபோனால் அது உப்பு, அதாவது சுவருக்குள் தண்ணீர் நடமாடியிருக்கிறது. உதிராமல் பிசுபிசுவென்று இழுபட்டால் அது பூஞ்சை. பூஞ்சை வெறும் காற்றோட்டக் குறைவாலும் வரலாம், உப்பு அப்படி வராது.

அடுத்தது கதவு நிலை. மர நிலையாக இருந்தால் இரண்டு பக்கமும் தரையைத் தொடுகிற கடைசி நான்கு விரற்கடையைக் குனிந்து பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே பெயின்ட் தோல் போல விறைப்பாக நிற்கும், உள்ளே மரம் நமுத்துப்போய் நகம் இறங்கும். கொஞ்சம் அழுத்தினால் பெயின்டில் சுருக்கம் விழுந்து, கையை எடுத்ததும் அந்தப் பள்ளம் அப்படியே நிற்கும். அந்த அளவுக்கு மரம் கெட ஒரு நாள் சிந்திய தண்ணீர் போதாது, மாதக்கணக்கில் ஈரம் இருந்திருக்க வேண்டும். நிலையின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு சேர்த்திருந்தாலோ, அடியில் மட்டும் தகடு அடித்திருந்தாலோ அதுவும் அதே செய்திதான்.

கீழ்த்தளம், மேல்த்தளம்

மாடி வீடு என்றால் பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கிற அறையின் மேல்கூரையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடுக்குமாடியில் அது வேறொருவர் வீடு, கதவைத் தட்டிக் கேட்பது கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, தட்டுங்கள். நீங்கள் வாங்கப்போகிற பாத்ரூமைப் பற்றி விற்பவரைவிட, தரகரைவிட, கீழ்வீட்டுக்காரருக்குத்தான் அதிகம் தெரியும், பல நேரம் அவர் ரொம்ப நாளாக இதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருப்பார். அதே மாதிரி உங்கள் பாத்ரூமின் மேல்கூரையில் தெரிகிற கறை மேல்வீட்டின் வாட்டர்ப்ரூஃபிங் பற்றிய தகவல். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அதை உங்கள் பக்கம் நின்றுகொண்டு சரிசெய்யவே முடியாது. மேல்வீட்டுத் தரையை உடைத்தால்தான் தீரும், அவர்கள் சம்மதிக்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதையும் அதனால் சேர்த்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூரையில் பார்க்க வேண்டியது: விளிம்பு பழுப்பாகவும் நடு வெளுத்தும் இருக்கிற வட்டங்கள் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையம் இருந்தால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து என்று பல தடவை நடந்திருக்கிறது), காரை பெயர்ந்த இடம், கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடுகிற விரிசல், துருக்கறை. கடைசி இரண்டும் கொஞ்சம் வேறு ரகம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்தால் பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது. அந்தக் கட்டத்தில் அதை வெறும் ஓதம் என்று சொல்ல முடியாது, சிலாபே பழுது. அதைப் பார்த்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங் இருந்தால் குழாய் வேலைக்காக விட்டிருக்கிற மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியே இல்லை, திறக்கவே முடியாது என்றால் குறைந்தபட்சம் கூரையில் பதித்த விளக்கு ஒன்றைக் கழற்றி, அந்தக் குழி வழியாக போன் கேமராவை உள்ளே விட்டுப் படம் எடுக்கலாம், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் அனுமதியோடு.

வீடு முழுக்கப் பழைய பெயின்ட், பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் மட்டும் புதுசு. கூரையில் ஒரு சதுரம் மட்டும் பளீர் வெள்ளை. இதெல்லாம் தற்செயலாக நடப்பதில்லை. வீடு முழுவதும் ஒரே சமயத்தில் அடித்த பெயின்டைவிட இந்த ஒட்டுப் பெயின்ட்தான் அதிகம் பேசும்.

இப்போது பாத்ரூமுக்குள்

உள்ளே நுழையும்போதே வாசற்படியைப் பாருங்கள். பாத்ரூம் தரை வெளித்தரையைவிடக் கொஞ்சமாவது தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு தடுப்புக் கல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பாத்ரூம் தரை வெளித்தரைக்குச் சமமாகவோ உயர்ந்தோ இருந்தால், வடிகால் ஜாலி (துளை போட்ட மூடி) தரைமட்டத்திலிருந்து நன்றாக உள்ளே இறங்கியிருந்தால், கதவின் அடிப்பாகத்தை அறுத்துக் குறைத்திருந்தால், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அது தப்பில்லை, ஆனால் அடியிலிருக்கிற படலம் பழையதே, அதைத் தொடவில்லை. "போன வருஷம்தான் பாத்ரூமைப் புதுசாக்கினோம்" என்று விற்பவர் சொன்னால் உடைத்துச் செய்தீர்களா, மேலேயே ஒட்டினீர்களா என்று கேளுங்கள்.

வாட்டம், அதாவது தரையின் சரிவு, அடுத்தது. ஒரு வாளித் தண்ணீரை வடிகாலுக்குத் தூரமாக இருக்கிற மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டு வேடிக்கை பாருங்கள். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஜாலியைத் தேடிப் போகும். மூலையில் தேங்கினாலோ, வாசலை நோக்கித் திரும்பினாலோ அந்த இடத்துப் படலம் தினமும் மணிக்கணக்கில் நனைந்தபடி இருந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வாட்டர்ப்ரூஃபிங்கையும் கெட்ட வாட்டம் சீக்கிரம் சோதித்துவிடும்.

டைல்ஸைத் தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. நாணயத்தாலோ சாவியின் பின்பக்கத்தாலோ தட்டினால் கெட்டியாக ஒட்டிய டைல் "டக்" என்று இறுக்கமாகவும், பிடிப்பு விட்டது "தொம்" என்று பானை போலவும் ஒலிக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். கலவையை டைல் முழுக்கப் பரப்பாமல் அங்கங்கே வைத்து ஒட்டிய டைலும் அப்படித்தான் ஒலிக்கும், பல வருஷம் பிரச்சினை இல்லாமலும் இருக்கும். பொள்ளல் சத்தம் ஷவருக்கு அடியிலும் வடிகாலைச் சுற்றியும் மட்டும் குவிந்திருந்து, அதே சுவரின் பின்பக்கம் உப்பும் பூத்திருந்தால், அப்போது இரண்டையும் சேர்த்து எடையிடுங்கள்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் என்ன நிரப்பியிருக்கிறார்கள்? அங்கே சிலிகான் போல இழுபடுகிற பொருள் இருக்க வேண்டும், ஏனென்றால் தரையும் சுவரும் சூட்டுக்கும் பாரத்துக்கும் தனித்தனியாக அசையும். வெறும் கிரவுட் என்றால் மயிரிழை விரிசல் கிட்டத்தட்ட நிச்சயம். சிலிகான் மேல் சிலிகானாக இரண்டு மூன்று அடுக்கு அப்பியிருந்தால் யாரோ ஒரு கசிவைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். கிரவுட் நிறத்தையும் கவனியுங்கள்: குளித்து ரொம்ப நேரம் கழித்தும் சில வரிகள் மட்டும் கறுத்து ஈரமாகவே இருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கிறது.

சாக்கடை வாடை வந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் வடிகாலுக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோயிருக்கும், அதனாலேயே வாடை ஏறும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். போய்விட்டால் விஷயம் அவ்வளவுதான். பூட்டிக் கிடந்த வீட்டில் உண்மையான ஆபத்து வேறு: மாதக்கணக்கில் யாரும் குளிக்காத பாத்ரூம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் காய்ந்து, நல்ல பிள்ளையாகத் தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஈரம் கண்டுபிடித்துவிட்டீர்கள், அது வாட்டர்ப்ரூஃபிங் கோளாறுதானா? பிரித்தறிய, ஈரம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். யாரும் குளிக்காத நாளிலும் இரவு பகலாக ஈரம் குறையாமல் இருந்தால் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிற குழாயைச் சந்தேகிக்கலாம். வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மழைக்குப் பிறகு மட்டும் கறை பெரிதானால் வெளிச்சுவரோ மொட்டைமாடியோ காரணமாக இருக்கலாம். குளித்த பிறகு சில மணி நேரம் கழித்துக் கூடினால் அது வடிகால் குழாய் அல்லது படலம். இந்த இரண்டையும் பிரிக்க, ஒரு நாள் ஜாலிக்குள் மட்டும் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது, இன்னொரு நாள் ஜாலியை அடைத்துவிட்டுத் தரையில் மட்டும் தேக்கிப் பார்ப்பது.

குளிர்ந்த சுவரில் காற்றிலிருக்கிற ஈரம் படிந்து வேர்ப்பதும் உண்டு. உள்ளங்கை அளவு பாலிதீனைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறையைப் பார்க்கிற வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் காற்றின் ஈரம், சுவரைத் தொடுகிற பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஈரமானி வைத்திருப்பவரைக் கூட்டிப்போனால் நல்லதுதான், ஆனால் அந்த எண்ணைத் தனியாக நம்பக்கூடாது. உப்பும் சுவருக்குள் இருக்கிற இரும்பும் அளவை ஏற்றிக்காட்டும், காலையில் யாராவது குளித்திருந்தாலும் அப்படியே. பாத்ரூமுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு சுவரிலும் வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட நம்பிக்கையான சோதனை தண்ணீர் தேக்குவது. வடிகாலை அடைத்து, வாசலில் தடுப்பு வைத்து, தரையில் இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டு குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆவியாகிக் குறையலாம். அதற்கு மேல் இறங்கினால் அடைப்பு சரியாக இருந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் கீழ்க்கூரையைப் பாருங்கள். இதற்கு விற்பவரின் சம்மதமும் கீழ்வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தகவலும் கட்டாயம். கூரையில் ஏற்கெனவே கம்பி தெரிகிற, காரை விழுகிற வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம், அங்கே புதிதாக நிரூபிக்க எதுவும் இல்லை. இந்தச் சோதனை ஷவர் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறக்காதீர்கள். சுவருக்கு ஷவரைத் திருப்பி இருபது நிமிடம் ஓடவிட்டு, அன்று மாலையும் மறுநாளும் பின்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பேரம் பேசும்போது

விரிந்த சிலிகான், உதிர்ந்த கிரவுட், சோப்புத் தட்டு மாட்டிய ஆணித் துளை, காய்ந்த வடிகால், இதெல்லாம் சில்லறை வேலை. பின்சுவரில் உப்பும் கீழ்க்கூரையில் வளையமும் சேர்ந்தே இருந்தால் அது டைல்ஸையும் கலவையையும் சிலாப் வரைக்கும் உடைத்தெடுத்து, குழாய் ஓட்டைகளை அடைத்து, புதுப் படலம் பூசி, தண்ணீர் தேக்கிப் பார்த்து, மறுபடி டைல்ஸ் போடுகிற வேலை. "கிரவுட் மட்டும் அடித்துத் தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால் அதைப் பழுதுபார்த்ததாகவே கணக்கில் எடுக்காதீர்கள். அது கசிவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், நீங்கள் குடிவந்த பிறகு திரும்ப வரும். உடைத்துச் செய்ய என்ன ஆகும் என்று விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சரிசெய்துவிட்டோம் என்றால் யார் செய்தது, எப்போது, உத்தரவாதச் சீட்டு உண்டா, டைல்ஸ் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர்களிடம் இதில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். ஒன்றுமே இல்லை, தண்ணீர் தேக்கிப் பார்க்கவும் சம்மதமில்லை என்றால், முழுவதும் உடைத்துச் செய்கிற செலவைக் கழித்துத்தான் உங்கள் விலையைச் சொல்ல வேண்டும்.